பழைய ஃபார்மல் கவுன்களிலிருந்து பெல்லி டான்ஸ் உடை: மணி வேலை உள்ளதை வெட்டலாமா?

நீலமணி:

எல்லாருக்கும் வணக்கம். டொராண்டோவில் செகண்ட் ஹேண்ட் கடைகளில் எடுத்த மூன்று கவுன்கள் இருக்கு. இதிலிருந்து எகிப்திய பாணி ராக்ஸ் ஷார்க்கிக்கு (மேடையில் ஆடும் பெல்லி டான்ஸ்) ஒரு முழு பெத்லா, அதாவது பிரா, இடுப்பு பெல்ட், பாவாடை மூன்றும் தைக்கணும். தையல் மிஷின் உண்டு, பிளவுஸ், சுடிதார் தைக்கத் தெரியும். மேடை உடை தைத்ததில்லை.

முதல் கவுன்: நேவி ப்ளூ, முழுக்கை, கால் வரை நேராக இறங்கும். பட்டு ஷிஃபான் மேல ஒரு இஞ்ச் விடாமல் மணியும் சமிக்கியும். தோளில் தடிமனான பேட். லேபிளில் மேட் இன் இந்தியா. தூக்கினால் நல்ல கனம்.

இரண்டாவது: மயில் பச்சை ப்ராம் கவுன். தோள் கிடையாது. மார்புப் பகுதியில் சுருக்கு வைத்த ஷிஃபான், உள்ளே கப், பிளாஸ்டிக் குச்சிகள். கீழே மூன்று அடுக்கு பாலியஸ்டர் ஷிஃபான். இடுப்புத் தையலிலிருந்து கீழ் ஓரம் வரை 44 இஞ்ச்.

மூன்றாவது: ஒயின் கலர் சாட்டின், பிரைட்ஸ்மெய்ட் போடுவது. லேபிள் வெட்டியிருக்கு. நல்ல பளபளப்பு, மொடமொடப்பு.

என் அளவு: பிரா 34 சி, மார்புக்குக் கீழே சுற்றளவு 32, பெல்ட் நிற்கும் இடம் 38, இடுப்பின் அகலமான இடம் 40, பெல்ட் இடத்திலிருந்து தரை வரை வெறுங்காலில் 37.

என் யோசனை, முதல் கவுனை வெட்டி பிராவுக்கும் பெல்ட்டுக்கும் போர்த்துவது, இரண்டாவதன் மார்புப் பகுதியை அப்படியே குட்டையாக்கி பிரா ஆக்குவது, மூன்றாவதைப் பாவாடை ஆக்குவது. சரியா வருமா? மணி வேலையை எப்படி வெட்டுவது?

ஆரிக்கொக்கி:

மணி வேலைக்கு மட்டும் பதில் சொல்றேன், மற்றதை மற்றவங்க சொல்வாங்க.

முதலில் கவுனைத் திருப்பி உள்பக்கம் பாருங்க. லைனிங் தனியாகத் தொங்கும், அதை விலக்கினால் வேலையின் பின்புறம் தெரியும். முடிச்சே இல்லாமல் ஒரே நூல் வரிசை வரிசையாக ஓடினால் அது கொக்கியால் போட்டது, நம்ம ஊர் ஆரி வேலைதான். 1980, 90-களில் வட அமெரிக்கக் கடைகளில் விற்ற இந்த மாதிரி பட்டு மணி கவுன்களில் நிறைய இந்தியாவில் சட்டத்தில் துணியைக் கட்டி வேலை செய்தவை. மூன்று நாலு மணிக்கு ஒரு தடவை முடிச்சு தெரிந்தால் சாதா ஊசி வேலை. அதற்கு ஆபத்து குறைவு, வெட்டின இடத்தில் நாலைந்து மணிதான் போகும்.

கொக்கி வேலை என்பது சங்கிலித் தையல். அதன் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணிதான் பிடித்து வைக்கிறது. கத்தரிக்கோல் நடுவில் போனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அவிழாது. வேலை ஆரம்பித்த பக்கத்துத் துண்டில் கடைசிக் கண்ணியைப் பிடிக்க எதுவும் இல்லை, நூல் நுனி எங்கேயாவது மாட்டி இழுபட்டால் ஒரு வரிசை முழுக்க சரசரவென்று கொட்டிவிடும். வேலை முடிந்த பக்கத்துத் துண்டில் ஒன்றிரண்டு மணி விழுந்து நின்றுவிடும். ஆரம்பம் எது, முடிவு எது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால் இரண்டு பக்கத்தையும் பூட்டணும்.

வெட்டுவதென்றால் வரிசை இதுதான். லைனிங்கைப் பிரித்துத் தள்ளி வைங்க. மேல்துணியில் மட்டும், கண்ணில் படும் நிற நூலால் தையல் வர வேண்டிய கோட்டை ஓட்டுத் தையலில் குறிங்க. அதற்கு அரை இஞ்ச் வெளியே இன்னொரு கோடு, அதுதான் வெட்டும் கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் மணிகளை உடைக்கணும், நூலை வெட்டக் கூடாது. சின்ன பிளேயரால் மணியைப் பிடித்து, மேலே பழைய துணியைப் போர்த்தி, அழுத்தினால் கண்ணாடி மணி தூளாகிவிடும், நூல் அப்படியே நிற்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் போடுங்க, துகள் தெறிக்கும். பிளாஸ்டிக் மணி உடையாது. அது இருந்தால் கூர்மையான கத்தரி முனையால் மணியை மட்டும் ஓரத்திலிருந்து துளை வரை நறுக்கி எடுக்கணும். சமிக்கியும் அப்படித்தான். தையல் கோட்டுக்கு உள்பக்கமும் ஒரு மணி அகலத்துக்கு உடைத்து விடுங்க, இல்லையென்றால் மிஷின் ஊசி மணியில் இடித்து முறியும்.

பிறகு பின்புறத்திலிருந்து, தையல் கோட்டிலேயே பாலியஸ்டர் நூலால் கையில் பேக் ஸ்டிச். ஒவ்வொரு மணி வரிசையின் நூலையும் ஊசி ஒரு தடவையாவது குத்திப் பிடிக்கணும். இதைத் தாண்டி வேகமான வழி இல்லை. விளிம்பு பிரியாமல் இருக்கப் பூசும் திரவம் கடையில் கிடைக்கும், ஆனால் பட்டு ஷிஃபானில் அது எண்ணெய்க் கறை மாதிரி இருட்டாக நின்றுவிடலாம். உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துக் காய்ந்த பிறகு பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு. கையில் போட்ட தையலுக்கு மேலே மிஷினில் ஜிப் ஃபுட் மாட்டி, 70 நம்பர் மெல்லிய ஊசி, 2 மில்லிமீட்டர் தையல், இரண்டு வரிசை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கத்தரிக்கோல். வெட்டிய விளிம்புக்கு ஆர்கன்சா கிராஸ் பீஸ் (மெல்லிய விறைப்பான துணியில் மூலைவாட்டில் வெட்டிய பட்டை) வைத்து மூடுங்க, உடைந்த கண்ணாடித் துகள் தோலில் உரசாது.

அதற்கும் முன்னால் பட்டு உயிரோடு இருக்கா என்று பாருங்க. அக்குள், தோள் தையல், ஜிப் ஓரம் மூன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. அக்குளில் பழைய வியர்வை பட்ட பட்டு நிறம் வெளுத்து, கட்டை விரலால் மெல்ல இழுத்தாலே விரிசல் விடும். தோளில் பிரச்சினை என்றால் கவுனை ஹேங்கரில் மாட்டி வைத்திருக்காங்க என்று அர்த்தம். மணி கனம் முழுக்க தோளில் தொங்கி, துணி ஊசித் துளைகளோடு நீண்டு போயிருக்கும். இப்போதும் அதை மாட்டாதீங்க, படுக்க வைத்து மடிக்காமல் உருட்டி வைங்க.

கீழ்வானம்:

ஆரிக்கொக்கி அக்கா சொன்ன முறை சரியான முறைதான். ஆனால் நீலமணி, முதல் கவுனை வெட்டவே வெட்டாதீங்க என்று கெஞ்சிக் கேட்பேன். அது ஏற்கெனவே ஒரு நடன உடை, உங்களுக்கு ஒரு பெல்ட்டும் இரண்டு ஸ்லிட்டும்தான் பாக்கி.

எகிப்திய நடனத்தில் பிரா, பெல்ட், பாவாடை மட்டும் உடை இல்லை. கெய்ரோவில் பதியா மசாப்னி என்ற நடனக் கலைஞர் 1926-ல் தன் அரங்கைத் திறந்த காலத்திலிருந்து மேடையில் வேரூன்றிய உருவம்தான் அந்த மூன்று துண்டு உடை. பலதி, சைதி மாதிரி மண் சார்ந்த பாட்டுக்கு ஆடும்போது நீளமான ஒற்றை உடையும் இடுப்பில் கட்டும் துணியும்தான் பொருத்தம். நேராக இறங்கும் முழுக்கை மணி கவுன் அந்த உருவத்துக்கு அப்படியே உட்காரும். கடையில் புதிதாக மணி வேலையோடு பலதி உடை வாங்கினால் என்ன விலை என்று பாருங்க, கையில் இருப்பதன் மதிப்பு புரியும்.

இன்னொரு காரணம் கனம். அந்த கவுன் தன் எடையை இரண்டு தோளிலிருந்தும் முதுகின் அகலத்திலும் பரப்பித் தொங்கவிடும்படி தைத்தது. அதை வெட்டிப் பாவாடையாக்கி எலாஸ்டிக்கில் தொங்கவிட்டால் ஒரு ஷிம்மிக்குள் (இடுப்பை வேகமாக உதறும் அசைவு) கீழே இறங்கும். பிராவில் போர்த்தினாலும் வளைவில் மணி வரிசைகள் ஒன்றோடொன்று மோதி நிமிர்ந்து நிற்கும், படியாது. மணி போட்ட துணியை வளைவுக்கு இழுக்க முடியாது, நூல் நீளாது. வெறும் துணியைப் போர்த்திவிட்டு அதன் மேல் மணி தைப்பதுதான் பிராவுக்கு வழி.

ஆக, செய்ய வேண்டியது: தோள் பேடைப் பிரித்து எடுங்க. பேட் போனதும் தோள் தளர்ந்து கழுத்து இறங்கும், தோள் தையலில் அரை இஞ்ச் பிடித்தால் சரியாகும். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்க. கவுன் முழுக்க மேலே ஏறினால் கைக்குழி தாழ்வாக வெட்டியிருக்கு. மாலை விருந்துக்குப் போடும் உடையில் யாரும் கையைத் தூக்குவதில்லை. அக்குளில் கைத் தையலும் பக்கத் தையலும் சந்திக்கும் இடத்தைப் பிரித்து, 4 இஞ்ச் சாய்சதுரத் துண்டு ஒன்று வைங்க. அதே நிறத்தில் நீளும் வலைத் துணி போதும், மணி தேவையில்லை. வியர்வையில் கெட்டால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழைய லைனிங் இறுக்கமாக இருந்தால் முட்டிக்கு மேலேயே அதை வெட்டி ஹெம்மிங் பண்ணிடுங்க, காலைக் கட்டுவது பெரும்பாலும் லைனிங்தான்.

பெத்லாவை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருந்து தைங்க. மயில் பச்சையும் ஒயினும் மேடை வெளிச்சத்தில் நல்ல ஜோடி.

ஸ்கார்பரோ_ஊசி:

வணக்கம் பிள்ளை. பிராவைப் பற்றிச் சொல்லுறன்.

ப்ராம் கவுனின்ரை மேற்பகுதியைக் குட்டையாக்கினால் பிரா ஆகாது. தோளில்லாத சட்டை விழாமல் நிற்கிறது கப்பாலை இல்லை. உள்ளுக்கு இருக்கிற குச்சிகள் இடுப்பிலை ஊன்றி மார்பைத் தாங்குது. மார்புக்குக் கீழை வெட்டின உடனை ஊன்ற இடமில்லை, குச்சி வெளிப்பக்கம் சரிஞ்சு முழுதும் கீழை வரும். உள்ளுக்கு வைச்ச கப்பும் கம்பி இல்லாத வெறும் ஸ்பொஞ்ச். அந்தப் பகுதியிலை உங்களுக்கு உதவுறது துணி மட்டும்தான், அது நிறைய இருக்கு. சுருக்கைப் பிரிச்சுப் பாருங்கோ, பார்க்கிறதை விட இரண்டு மூன்று மடங்கு ஷிஃபான் விரியும்.

அடித்தளத்துக்கு ஒரு புதுப் பிரா வாங்குங்கோ. கம்பி வைச்சது, கெட்டியான வார்ப்புக் கப், தையல் கோடு இல்லாதது. உங்கள் அளவே போதும். உள்ளுக்குப் பஞ்சு வைக்கிறதெண்டால் ஒரு கப் கூட எடுங்கோ.

முதல் வேலை, எலாஸ்டிக் முழுதையும் அகற்றுறது. தோள் பட்டி, முதுகுப் பட்டி இரண்டும். மணி தைச்ச பிரா கனமானது, எலாஸ்டிக் அந்தக் கனத்துக்கு நீண்டு நீண்டு கொடுக்கும், ஆடேக்கை கப் கீழை துள்ளும். கம்பி முடியிற இடத்திலிருந்து ஒரு இஞ்ச் விட்டு முதுகுப் பட்டியை வெட்டுங்கோ. அந்த ஒரு இஞ்சிலை புதுப் பட்டியை ஏற்றி, சதுரமாகவும் குறுக்காகவும் தையல் போட்டு இணைக்கிறது. புதுப் பட்டி நீளாத துணியாக இருக்கவேணும்: கன்வஸ் இரண்டு மடிப்பு, ஒன்றரையிலிருந்து இரண்டு இஞ்ச் அகலம். பழைய பட்டியை மேசையிலை வைச்சு அளந்து அதே நீளத்துக்கு வெட்டவேண்டாம். அது நீண்டு 32 ஆகிறது, கன்வஸ் நீளாது, மூச்சு முட்டும். கப்பை உடம்பிலை வைச்சு, மூச்சை நல்லா உள்ளுக்கு இழுத்துப் பிடிச்ச நிலையிலை ஒருவரைக் கொண்டு முதுகுப் பக்கத்தை அளப்பியுங்கோ. அதோடை ஒன்றரை இஞ்ச் மேல்மடிப்புக்கு.

கொளுக்கி: காற்சட்டை இடுப்புக்கு வைக்கிற பெரிய தட்டைக் கொளுக்கி இரண்டு, மேலும் கீழுமாக. பிளவுஸுக்கு வைக்கிற சின்னக் கொளுக்கி மேடைக்கு வேண்டவே வேண்டாம், நெளிஞ்சு திறந்துவிடும். கொளுக்கி மாட்டுற கண்ணியை இரண்டு இடத்திலை தைச்சு வையுங்கோ, ஒரு இஞ்ச் வித்தியாசத்திலை.

தோள் பட்டி முக்கால் இஞ்ச், உள்ளுக்கு நீளாத நாடா. கழுத்துக்குப் பின்னாலை கட்டுறது வடிவாகத் தெரியும், ஆனால் முழுக் கனமும் கழுத்து எலும்பிலை இறங்கும். முதுகிலை குறுக்காகப் போகிறபடி வையுங்கோ.

இனிப் போர்த்திறது. துணியைக் கிராஸாக வெட்டவேணும், ஒரு கப்புக்கு 10 இஞ்சுக்கு 10 இஞ்ச். ஷிஃபான் தனியாகப் போட்டால் உள்ளே இருக்கிற பிராவின் நிறம் தெரியும், கீழை ஒரு லைனிங் துணி சேர்த்து இரண்டையும் ஒன்றாகப் பிடிச்சுக் கொள்ளுங்கோ. கப்பைத் தட்டையாக வைச்சுத் தைக்கக் கூடாது. சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து அதுக்கு மேலை கப்பை வைச்சு, துணியை நடு மேட்டிலிருந்து ஓரத்துக்கு இழுத்து ஊசி குத்துங்கோ. தட்டையாக வைச்சுத் தைச்சால் துணி போதாமல் போய், போடேக்கை கப் உள்ளுக்கு மடியும். மிச்சத் துணி எல்லாத்தையும் கீழ் வெளி மூலைக்குக் கொண்டுபோய் அங்கை ஒரு டார்ட்டாக (கூம்பு மாதிரி மடிச்சுத் தைக்கிறது) முடிக்கிறது, அது கைக்குக் கீழை மறையும். தையல் கம்பி ஓடுற குழாயின் ஓரத்திலை வரவேணும், வளைஞ்ச ஊசி, மெழுகு பூசின இரட்டை நூல், விரலுக்குத் திம்பிள்.

சுடு பசைத் துப்பாக்கியை இதிலை கொண்டுவரவேண்டாம். அது இறுகினால் பிறகு ஊசி போகாது, சூடு கூடினால் இளகியும் விடும். மணி வேலை எல்லாம் தைச்சு முடிஞ்ச பிறகு உள்பக்கத்துக்குப் பருத்தித் துணி லைனிங் போடுங்கோ. முதலே போட்டால் முடிச்சு எல்லாம் தோலிலை குத்தும்.

வெந்தயநிறம்:

மூன்றாவது கவுனுக்கு ஒரு எச்சரிக்கை. லேபிள் இல்லாத பழைய பிரைட்ஸ்மெய்ட் சாட்டின் அசிடேட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. அது தண்ணீர் பட்டாலே வட்டம் விழும், வியர்வை பட்டால் நிறமே மாறும், துவைத்தாலும் போகாது. உள்மடிப்பிலிருந்து நகக்கண் அளவு துணி வெட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு நாலு சொட்டு அசிடோன் விடுங்க. பசை மாதிரி குழைந்தால் அசிடேட். பாலியஸ்டரும் பட்டும் அப்படியே இருக்கும். அசிடோன் இல்லாத நகப்பூச்சு நீக்கியும் விற்கிறாங்க, அதில் இந்தச் சோதனை வேலை செய்யாது. ஜன்னலைத் திறந்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்க.

எதுவாக இருந்தாலும் மொடமொடப்பான சாட்டின் பாவாடைக்கு வேண்டாம். இடுப்பு போட்ட அசைவை அது கீழே கொண்டுபோகாது, மணி மாதிரி விறைத்து நிற்கும்.

முதல் கவுனின் மணியும் சோதிக்கணும். ஒரு மணியையும் ஒரு சமிக்கியையும் பிரித்து, நனைத்த வெள்ளைத் துணியில் வைத்துத் தேயுங்க. சில மணிக்குச் சாயம் உள்ளே பூசியிருக்கும், தண்ணீரிலோ டிரை கிளீனிங்கிலோ வெளுத்துவிடும். 1980-களின் உடை என்றால் சமிக்கி பிளாஸ்டிக்தான், இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருளும். 1930-களின் உடை யாருக்காவது கிடைத்தால் அதன் சமிக்கி ஜெலட்டினாக இருக்கலாம், ஈரம் பட்டாலே கரைந்துவிடும். அதை ஆட எடுக்காதீங்க.

நீலமணி:

எல்லாருக்கும் நன்றி. முதல் கவுன் பின்புறம் முடிச்சே இல்லை, கொக்கி வேலைதான். அக்குள் கெட்டியா இருக்கு. கீழ்வானம் சொன்ன மாதிரி முழுசாகவே வைத்துக்கொள்கிறேன். சாட்டின் துண்டு அசிடோனில் குழைந்துவிட்டது, அசிடேட்.

அப்போ பிராவுக்கு மயில் பச்சை ஷிஃபான். சாட்டினைப் பெல்ட்டுக்காவது போடலாமா? பாவாடையை எங்கே வெட்டுவது? கீழ் ஓரத்தை உருட்டித் தைத்திருக்காங்க, அந்த மாதிரி என் மிஷினில் வராது. நேவி கவுனுக்கு ஸ்லிட் எவ்வளவு உயரம்?

கீழ்வானம்:

பாவாடையைக் கீழே தொடவே வேண்டாம். ப்ராம் கவுனை மேலேயிருந்து வெட்டணும், கடை போட்ட ஓரம் அப்படியே இருக்கட்டும். ஷிஃபானில் கஷ்டமான வேலை அந்த ஓரம்தான், அதைக் காசு வாங்காமல் யாரோ செய்து கொடுத்திருக்காங்க.

கணக்கு இப்படி: பெல்ட் இடத்திலிருந்து தரை 37. வெறுங்காலில் ஆட தரைக்கு ஒரு இஞ்ச் மேலே நிற்கணும், 36. எலாஸ்டிக் போகும் மடிப்புக்கு ஒன்றரை. கீழ் ஓரத்திலிருந்து 37 அரை இஞ்ச் மேலே அளந்து வெட்டுங்க. 44-ல் மேலே ஆறரை இஞ்ச் கழியும். அந்த ஆறரை இஞ்ச் வளையத்தைத் தூக்கிப் போடாதீங்க, பிராப் பட்டிக்கும் தோள் பட்டிக்கும் அதுதான் துணி.

வெட்டின இடத்தில் சுற்றளவு குறைந்தது 42 இருக்கணும், 40 இடுப்பில் ஏற்றி இறக்க. கவுனின் கலி (பாவாடையைச் சேர்த்துத் தைத்த நீளத் துண்டுகள்) விரிந்துகொண்டே வருவதால் பெரும்பாலும் இருக்கும். வெட்டுவதற்கு முன்னாலேயே அந்தக் கோட்டில் அளந்துவிடுங்க. குறைந்தால் பக்கத் தையல் ஒன்றில் அதே ஷிஃபானில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு இறக்குங்க. பின் ஜிப் இடுப்பைத் தாண்டி இறங்கியிருக்கும், மிச்சம் இருக்கும் துண்டு ஜிப்பைப் பிரித்துவிட்டு அந்தத் தையலை மூடிடுங்க.

மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடித்து வெட்டக் கூடாது. ஷிஃபான் கிராஸில் தொங்கத் தொங்க நீளும், ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு அளவுக்கு நீண்டிருக்கும். இடுப்பில் ஒரு நாடாவை இறுக்கிக் கட்டி, கவுனை அதற்குள் செருகி, ஓரம் தரையிலிருந்து ஒரு இஞ்ச் வரும்படி ஒவ்வொரு அடுக்காக இழுத்து நாடாக் கோட்டில் குறித்து, அதற்கு ஒன்றரை இஞ்ச் மேலே வெட்டுங்க. குறிப்பவர் வேறு ஆளாக இருக்கணும், நீங்களே குனிந்தால் அளவு மாறும். ஒரு இஞ்ச் அகல எலாஸ்டிக் போடுங்க, 38 இடத்துக்கு 34 அல்லது 35 இஞ்ச் போதும்.

காலைத் திறக்க, புதிதாக எதையும் வெட்டாமல் கலித் தையலையே பிரியுங்க. மேல் அடுக்கில் முன்பக்கத் தையல், நடு அடுக்கில் அதற்கு அடுத்த தையல், கீழ் அடுக்கை மூடியே விடுங்க. சுற்றும்போது அடுக்குகள் தனித்தனியாகப் பறக்கும், கால் முழுசாகத் தெரியாது.

சாட்டின் பெல்ட்டுக்குத் தாராளமாகப் போடலாம். தோலுக்கும் அதற்கும் நடுவில் பாவாடையும் லைனிங்கும் இருக்கு. முதுகு வியர்வை வழிந்து மேல் ஓரத்தில் படும், அங்கே ஒரு வரிசை மணியோ லேஸோ வைத்து மூடிடுங்க.

ஆரிக்கொக்கி:

பெல்ட்டின் உடம்பு சாட்டின் இல்லை, உள்ளே இருக்கும் கேன்வாஸ். காலருக்கு வைக்கும் கஞ்சி போட்ட பக்ரம் வாங்காதீங்க. கடையில் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், இரண்டு தடவை வியர்வையில் ஊறினால் கஞ்சி கரைந்து தொளதொளத்துவிடும். கனமான காட்டன் கேன்வாஸ் இரண்டு மடிப்பு, இல்லையென்றால் பழைய ஜீன்ஸ் துணி, ஒரு இஞ்சுக்கு ஒரு வரிசை தைத்து ஒன்றாக்குங்க.

நேர்ப்பட்டையாக வெட்டினால் மேல் ஓரம் வயிற்றிலிருந்து விலகி நிற்கும். மேல் ஓரம் 38-லும் கீழ் ஓரம் 40-லும் உட்கார வேண்டியது, நடுவில் இரண்டு இஞ்ச் வித்தியாசம். பேப்பரில் வெட்டி இடுப்பில் சுற்றி, மேலே தூக்கும் இடங்களில் நாலு டார்ட், ஒவ்வொன்றும் அரை இஞ்ச், மேல் ஓரத்தில் பிடித்தால் பேப்பர் தானாக வளைந்துவிடும். அதுதான் உங்கள் பேட்டர்ன். நடுவில் 5 இஞ்ச் அகலம், பக்கத்தில் 3. மேல்மடிப்புக்கு 3 இஞ்ச் கூடுதல். மூடுவது இடது பக்கத்தில், பிராவுக்குச் சொன்ன அதே தட்டைக் கொக்கி இரண்டு, வெளி விளிம்பு படிய ஒரு பெரிய பிரஸ் பட்டன்.

சாட்டினைச் சுற்றிலும் ஒரு இஞ்ச் பெரிதாக வெட்டி, பின்னால் மடித்துக் கையில் தைங்க. மணி வேலை கேன்வாஸையும் சேர்த்துக் குத்தி, லைனிங் கடைசியில்.

கீழே தொங்கும் மணிச்சரம் நீங்களே கோர்ப்பதாக இருந்தால் கணக்குப் போட்டுட்டு இறங்குங்க. கீழ் ஓரம் 40 இஞ்சுக்கு கால் இஞ்சுக்கு ஒரு சரம் என்றால் 160 சரம். 11-ம் நம்பர் சுகர் பீட்ஸ் (சின்ன உருண்டை மணி) இஞ்சுக்கு ஏறக்குறைய 18 நிற்கும். 4 இஞ்ச் சரத்துக்கு 72, மொத்தம் கிட்டத்தட்ட 11,500 மணி, 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பைப் பீட்ஸ் (நீளக் குழாய் மணி) கலந்தால் எண்ணிக்கை பாதியாகும், ஆனால் அதன் வெட்டு விளிம்பு நூலை அறுக்கும், ஒவ்வொரு பைப்புக்கும் இரண்டு பக்கமும் ஒரு சுகர் பீட் கட்டாயம். ஊசி கீழே போய், கடைசி மணியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா மணி வழியாகவும் திரும்ப மேலே வரணும். மேலே வந்ததும் அந்தச் சரத்துக்கு அங்கேயே முடிச்சு. ஒரே நூலில் அடுத்தடுத்த சரம் கோர்த்துக்கொண்டு போனால், ஒன்று அறுந்த அன்றைக்கு மேடை முழுக்க மணி உருளும், பின்னால் வெறுங்காலில் ஆட வருகிறவங்களுக்கும் ஆபத்து.

ஸ்கார்பரோ_ஊசி:

நேவி கவுனின் ஸ்லிட் நான் சொல்லுறன். உயரத்தை முழங்காலுக்கு மேலை நாலு விரல் எண்டு முதலிலை வையுங்கோ. போட்டுக்கொண்டு ஒரு காலை முன்னுக்கு நீட்டி, மற்றக் காலை மடிச்சுப் பாருங்கோ. தையல் இழுபட்டால் இன்னும் ஒரு இஞ்ச். இரண்டு பக்கத் தையலிலும் வேணும், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் மற்றப் பக்கம்தான் முதல் கிழியும்.

இந்த மாதிரிக் கவுன்களிலை பக்கத் தையலைப் போட்ட பிறகு அதன் மேலாலை கையாலை மணி தைச்சு மறைச்சிருப்பினம். முதலிலை அந்த மணிகளை மட்டும் பின்பக்கத்தாலை நூல் பார்த்துப் பிரிச்சு, ஒரு சின்னப் போத்தலிலை போட்டு வையுங்கோ, பழுது பார்க்கத் தேவைப்படும். பிறகு பக்கத் தையல். துணியை வெட்ட வேண்டியதில்லை, தையலைப் பிரிக்கிறதுதான், அதனாலை மணி வரிசை அறுபடாது. திறந்த இரண்டு விளிம்பிலும் கால் இஞ்ச் அகலப் பருத்தி நாடாவைக் கையாலை தையுங்கோ, பட்டு ஷிஃபான் தானாக அந்த இழுவையைத் தாங்காது. மேல் முனையிலை உள்பக்கம் ஒரு முக்கோணத் துணி வைச்சு, அதைப் பிடிச்சபடி நெருக்கமாக ஏழெட்டுத் தையல். கிழியிறது எப்பவும் அந்த முனையிலைதான்.

நீளம் கூடினால் கீழ்க் கரையை வெட்டவேண்டாம், அங்கைதான் வேலைப்பாடு கூட இருக்கும். பெல்ட் வாற இடத்துக்குக் கீழை சுற்றிவர ஒரு இஞ்ச் மடிப்புக் கையாலை ஓட்டுங்கோ, இரண்டு இஞ்ச் மேலை ஏறும். மணி மேலை மணி இருந்து கொஞ்சம் தடிக்கும், பெல்ட் மறைக்கும். வேண்டாம் எண்டால் நூலை இழுத்துவிட்டால் சரி.

பாவாடையையும் பெல்ட்டையும் ஆடுறதுக்கு முன்னாலை ஊக்காலை பிணையுங்கோ. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஊக்கு பெல்ட்டின் லைனிங்கை மட்டும் பிடிக்கவேணும், சாட்டினைக் குத்தக் கூடாது. ஒத்திகை ஒன்றாவது முழு உடுப்போடை, விளக்கு வெளிச்சத்திலை பாருங்கோ.

வெந்தயநிறம்:

ஆடி முடித்ததும் மூன்றையும் பையில் திணிக்காமல் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி விரித்துக் காய விடுங்க. வியர்வை வாடைக்கு வோட்காவும் தண்ணீரும் சரிபாதி கலந்து பிராவின் பருத்தி லைனிங்கில் மட்டும் தெளிக்கலாம், நாடக உடை பராமரிக்கிறவங்க செய்வதுதான். அசிடேட் பெல்ட்டின் பக்கம் அந்தப் புட்டியைக் கொண்டுபோகாதீங்க. நேவி கவுனைச் சுருட்டும்போது நடுவில் பழைய காட்டன் புடவைத் துண்டு ஒன்று வைத்துச் சுருட்டுங்க, மணி மணியோடு மாட்டாது.